மனோராவும் ஒரு நன்றிக்கடனும்

ஜல்லிக்கட்டு ஊர்க்காரனுக்குக் கடலோரக் கோபுரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். சேதுபாவாசத்திரம் பக்கத்தில் நிற்கிறது மனோரா. அறுகோணம், எட்டு மாடி. கலங்கரை விளக்கமாகவும் இருந்திருக்கிறது. 1814-ல் நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பியது. (மறு வருஷமே ஆசாமி எல்பா தீவிலிருந்து தப்பித்து மறுபடி அரியணை ஏறினார் என்பது தனிக்கதை!)

ஜெயித்தது இங்கிலீஷ்காரன். 1799-ல் சரபோஜியிடம் ஆட்சியையே எழுதி வாங்கிக்கொண்டவன். அவனுக்கா இவ்வளவு பெரிய ஆரத்தி? 'சுத்த ஜால்ரா' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் 1798-ல் சித்தப்பா அமர்சிங்கை இறக்கிவிட்டு இவரை அரியணையில் உட்கார வைத்ததும் அவனேதான். அப்புறம் அது நன்றியா, பயமா? அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ப்ரமோஷன் வாங்கிக் கொடுத்த மேனேஜரே மறு வருஷம் உங்கள் அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டால், அவர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டப் போவீர்களா, மாட்டீர்களா?