நம்பியவர் வீட்டிலும் துன்பம் வருவதேன்?

இறைவனை நம்பியவருக்குக் கேடு வராது என்ற சொல்லைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை தோட்டத்தில் இருக்க முடியாது. திருவிழாக் காலத்தில் பூசாரி சொல்வார், அடுப்படியில் பாட்டி சொல்வாள். ஆனால் நம்பியவர் வீட்டிலும் சாவு விழுகிறது, கடன் ஏறுகிறது, கூடப்பிறந்தவன் கண்காணாத ஊருக்குப் போய்விடுகிறான். அப்படியானால் அந்தச் சொல் பொய்யா? அல்லது அவர்களுடைய பக்தியில்தான் குறையா? சந்நிதியில் நின்று இதை வாய்விட்டுக் கேட்பவர் சிலரே. மனத்துக்குள் கேட்காதவர் அவர்களிலும் சிலர்.

பொல்பிட்டிய மின்நிலையத்திற்கு வரும் நீருக்கே இந்தக் கேள்வியோடு ஒரு தொடர்பு உண்டு. 75 மெகாவாட் வலுவுடன் 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய நிலையம் அது. அங்கே வரும் மஸ்கெலியா ஓயாவின் நீர், மேலே மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தேக்கி வைக்கப்படுவது. அந்த நீர்த்தேக்கத்திற்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போயிற்று. கடைத்தெருவோடு பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் ஸ்ரீ சண்முகநாதர் ஆலயமும் மூழ்கின. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அக்கட்டடங்கள் வெளியே தெரியும். அவற்றைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வருவதுண்டு.

தன் வீட்டையே காத்துக்கொள்ளாத தெய்வம் மற்றவர் வீட்டை எப்படிக் காக்கும் என்று ஒருவர் கேட்டால் அதை நாத்திகம் என்று தள்ளிவிடக் கூடாது. நியாயமான கேள்வி அது. கோயில் திருப்பணி தொடங்கும்போது மூலமூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து பாலாலயத்தில் வைத்து வழிபடுவதை அடியார்கள் கண்டிருப்பார்கள். சுவர் இடிபடும்போது சுவாமி இடிபடுவதில்லை என்பதே அக்கிரியையின் பொருள். புதிய மஸ்கெலியா நகரிலும் சண்முகநாதருக்கு ஆலயம் எழுந்தது. மக்கள் மேட்டுக்கு ஏறியபோது முருகனும் கூடவே ஏறினான் என்றுதான் கொள்ள வேண்டும்.

கட்டடத்துக்கு இந்த விடை பொருந்தும். குடும்பத்துக்குப் பொருந்துமா? அதுதான் கடினமான இடம். அதே காலத்தில்தான் மலையகக் குடும்பங்களும் பிரிந்துகொண்டிருந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிய மக்களை, 1964 ஒக்டோபர் 30இல் செய்யப்பட்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் இந்தியாவுக்கு விண்ணப்பிக்க, தம்பி இலங்கைக்கு விண்ணப்பித்தான். கட்டிக்கொடுத்த மகள் இங்கே, பெற்றவர்கள் அங்கே என்றானது. தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. போனவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தார்கள். இங்கே இந்தியாக்காரர் எனப்பட்டவர்கள் அங்கே சிலோன்காரர் எனப்பட்டார்கள்.

அந்தப் பிரிவைத் தடுக்கும்படி மாரியம்மனிடம் அழாத தாய் இருந்திருப்பாளா? கரகம் தூக்கினார்கள், தீ மிதித்தார்கள். கோச்சி நிற்கவில்லை.

இந்த இடத்தில் திலகவதியாரை நினைக்க வேண்டும். பெரியபுராணம் கூறும் அவருடைய வரலாற்றில் அடுத்தடுத்து இழப்புகள்தான். நோயால் தந்தை புகழனார் மறைகிறார், அவரைத் தொடர்ந்து தாய் மாதினியாரும் போகிறார். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் இறந்த செய்தி வருகிறது. உயிர்விடத் துணிந்த அவரைத் தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து தடுக்கிறார். அக்காவும் போய்விட்டால் தனக்கு யார் என்று தம்பி கேட்டபிறகு அவரால் சாக முடியவில்லை. அந்தத் தம்பியும் பின்னர் சமண சமயம் புகுந்து வெகுதூரம் போய்விடுகிறார். மிஞ்சியிருந்த ஒரே உறவும் போயிற்று.

அப்போது அந்த அம்மையார் செய்தது என்ன? திருவதிகைக்குப் போய்க் கோயிலைக் கூட்டினார், மெழுகினார், மாலை கட்டினார். தம்பியை மீட்டுத்தரும்படி வேண்டினார். உடனே நடக்கவில்லை. நடந்தபோதும் சூலைநோய் என்ற பெருந்துன்பத்தின் வழியாகத்தான் நடந்தது. இறந்த தாய் தந்தையர் திரும்பவில்லை, கலிப்பகையாரும் திரும்பவில்லை. ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவில் வந்த தம்பிக்கு வாசற்கதவு திறந்திருந்தது, திருநீறு கொடுக்க ஒரு கை இருந்தது. அந்தத் தம்பியே திருநாவுக்கரசர். அக்காள் நொந்துபோய்த் துடைப்பத்தைக் கீழே போட்டிருந்தால் அவர் எந்த வாசலுக்கு வந்திருப்பார்?

கேட்டது கிடைக்கும் என்று எண்ணுவது மட்டும் நம்பிக்கையாகாது. நேர்த்தி வைப்பதில் தவறில்லை, அது பிள்ளை தாயிடம் கேட்பது போன்றது. ஆனால் கிடைக்காவிட்டால் கும்பிடுவதில்லை என்பது கடைக்கணக்கு. எல்லாம் விதி என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்பவரும் உண்டு. அவர் தம் சோம்பலுக்கு இறைவனைச் சாட்சி வைக்கிறார். நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. அந்த 55 ஆண்டுகளும் விதி என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தால் இன்று வாக்குச்சீட்டு ஏது? அம்மனைக் கும்பிட்ட அதே கைகள்தான் விண்ணப்பமும் எழுதின, தொழிற்சங்கச் சந்தாவும் கட்டின.

இன்றைய பிரிவு வேறு மாதிரியானது. ஒப்பந்தம் இல்லை, கப்பல் இல்லை. வீட்டுப் பணிக்காகத் தாய் மத்திய கிழக்கிற்குப் போகிறாள், மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். சில வீடுகளில் தகப்பன் அந்த வெறுமையைச் சாராயத்தில் கரைக்கிறான். பணம் வருகிறது, கூரைத் தகரம் மாறுகிறது, பிள்ளை தாயின் முகத்தைத் தொலைபேசியில் பார்க்கிறது. இதற்காக அந்தத் தாயைக் குறைசொல்லும் வாய்கள் லயத்தில் அதிகம். தோட்டச் சம்பளத்தில் அந்தக் குடும்பம் எப்படி ஓடியது என்று அந்த வாய்கள் கேட்பதில்லை.

அத்தகைய வீடுகளில் அம்மாயிதான் விடிவதற்கு முன் எழுகிறாள். விளக்கை ஏற்றுகிறாள், பேத்திக்குத் தலைசீவிப் பின்னல் போடுகிறாள், நெற்றியில் திருநீறு பூசிப் பள்ளிக்கு அனுப்புகிறாள். மகள் எப்போது வருவாள் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு கூடையை எடுத்துக்கொண்டு கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறுகிறாள்.