காலி நாற்காலியின் குற்றவாளி யார்?

மக்கள் ஒப்படைத்த உரிமையைப் பயன்படுத்தாமலே வைத்திருக்கும் உரிமை பிரதிநிதிக்கு உண்டா? 1791-ஆம் ஆண்டின் அமெரிக்கா இதற்கு விடை தருகிறது, தோழர்களே!

அந்நாளில் செனட் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் மக்கள் அல்லர், மாநிலச் சட்டமன்றத்தார். மாநிலத்துக்கு இரண்டே இடங்கள். 1791 மார்ச்சில், பென்சில்வேனியாவின் வில்லியம் மெக்லே பதவிக்காலம் முடிந்து விலகினார். அடுத்தவரை எப்படித் தேர்வது? இரு அவைகளும் ஒன்றாய்க் கூடி வாக்களிப்பதா, தனித்தனியே வாக்களித்து ஒருவரையே ஒப்புவதா? கூடினால், எண்ணிக்கையில் பெரிய கீழவையின் கை ஓங்கும். பிரிந்தால், சிறிய மேலவை தடை போடலாம். தகுதியாளர் யார் என்ற பேச்சு ஓய்ந்தது. ஆதிக்கம் யாருக்கு என்ற ஏச்சு ஓங்கியது. ஏறத்தாழ ஈராண்டுகள் ஓடின!

அன்று நாட்டின் தலைநகரும் மாநிலத்தின் தலைநகரும் பிலடெல்பியாவே. செனட் கூடிய கட்டடமும் சட்டமன்றம் கூடிய கட்டடமும் பக்கம் பக்கமாய் நின்றன. கூப்பிடு தூரத்தில் காலி நாற்காலி, நிரப்பத்தான் மனமில்லை.

1793 பிப்ரவரி 12-இல், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டத்தில் வாஷிங்டன் கையொப்பமிட்டார். ‘இவன் என் அடிமை’ என்று நீதிபதி முன் சாட்சியம் காட்டினால் போதும். ஜூரி விசாரணை கிடையாது. ஆளை இழுத்துச் செல்லலாம். 1780-லேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் செய்த மாநிலம் பென்சில்வேனியா. அதன் மண்ணையும் கட்டுப்படுத்தும் அச்சட்டம் செனட்டுக்கு வந்தபோது, அதற்குரிய இரு குரல்களில் ஒன்று அங்கே இல்லை. பதினாறு நாள் கழித்தே ஆல்பர்ட் கலட்டின் தேர்ந்தெடுக்கப்பட்டார்!

அந்த ஒரு குரல் சட்டத்தை வீழ்த்தியிருக்கும் என்று நாம் கூறவில்லை. அது எழவே வழியில்லாமற் செய்தவர் யார் என்றே கேட்கிறோம்.

“முறை முக்கியமன்றோ?” என்பர். முக்கியந்தான்! ஆனால் முறை எதற்கு? மக்களின் குரல் மன்றம் சேர்வதற்கு. வாய்க்காலை யார் வெட்டுவது என்று வழக்காடி வயலைக் காயவிடுவது முறையாகுமா? உரிமை, மக்கள் கொடுத்துவைத்த பொருள். அதைக் காப்பவன் பயன்படுத்தலாம், பாழாக்கக் கூடாது.

1913-இல் பதினேழாவது திருத்தம், செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்களிடமே ஒப்படைத்தது. அத்துடன் நம் கடமை தீர்ந்துவிடவில்லை, இளைஞர்களே! மன்றத்தில் இடம் பெற்றவர் எவராயினும், பேசியதற்கு மட்டுமன்று, பேசாதிருந்ததற்கும் கணக்குக் கேளுங்கள். காலி நாற்காலிக்கு வாயில்லை; கேட்க வேண்டியவர்கள் நாமே!