தொட்டி மீனும் கொல்லாமையும்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றிற் பணியாற்றும் சைவ அன்பர் ஒருவர் சின்னாட்களுக்கு முன் எம்பால் வந்து ஓர் ஐயம் வினவினார். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது முதலாக, ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் நெறியெங்கும் ஆலைகள் மல்கின. பல ஊர் மக்கள் சிற்றறைகளில் வந்து தங்குவாராயினர். சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்பிற்குப் பேர்போனதாகலின், அவ்வறைகளிற் கண்ணாடித் தொட்டி காண்டல் அரிதன்று. இவ்வன்பரும் சில மீன்களையும் செந்நிறச் சிற்றிறால்களையும் ஒரு தொட்டியில் வளர்த்து வந்தார். புதியனவாகச் சில மீன்களைக் கொணர்ந்து விட்ட சில நாட்களில், மீன்களின் மேனியில் உப்புத் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றின. அவர் மருந்து வாங்கி வார்த்தார். மீன்கள் பிழைத்தன, இறால்கள் யாவும் மாண்டன. “யான் செய்தது கருணையோ, கொலையோ?” என்பது அவர் வினா.

இவ்வினாவைச் சிறிதென்று தள்ளுதல் தகாது. முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். வெண்புள்ளி நோயை விளைப்பது இக்தியோப்திரியஸ் என்னும் ஓரணு உயிர். அது மீனின் தோலுக்கு அடியில் இருந்து தின்று பருக்கும். பருத்தபின் உதிர்ந்து, தொட்டியின் அடியிற் பற்றிக் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிளவுபடும். அக்குஞ்சுகள் ஏறக்குறைய இரண்டு நாளைக்குள் ஒரு மீனைப் பற்றாவிடின் மடியும். நீந்தித் திரியும் அந்நிலையிலன்றி, தோலினுள்ளும் கூட்டினுள்ளும் இருக்கும்போது மருந்து அதனைத் தீண்டமாட்டாது. ஏரியிலாயின் அக்குஞ்சுகளிற் பெரும்பாலான மீனைக் காணாமலே அழியும். ஒரு முழ நீளக் கண்ணாடிக்குள் மீன் எங்கே ஓடும்? ஆகவே நோய் பெருகுவதற்கு அவ்வுயிரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. அடைத்து வைத்தாரும் அதற்கு ஏதுவாவர்.

அன்பர் வார்த்த மருந்து செம்பு கலந்தது. இறாலின் குருதியிற் பிராணவாயுவைச் சுமப்பதும் செம்பு கலந்த பொருளே. உள்ளிருந்து உயிர்தாங்கும் செம்பு புறத்தே நீரிற் கரைந்து மிகுமாயின் அதற்கே நஞ்சாகின்றது. இதனை அன்பர் அறிந்திலர்.

இனிச் சித்தாந்த முறையான் ஆராய்வாம். சிலர், “இக்கிருமி ஓரறிவுயிர்; மீன் மிக்க அறிவுடையது; ஆகலின் கிருமியைக் கொல்லுதல் குற்றமன்று” என்பர். தொல்காப்பிய மரபியல் நண்டினை நாலறிவுயிர்களுள் வைத்தது. அதனொடு இனமொத்த இறாலையும் அவ்வாறே கொள்ளலாம். ஆயினும் அறிவின் எண்ணிக்கை உயிர்க்கு வாய்த்த கருவிகளின் கணக்கேயன்றி உயிரின் விலையன்று. ஆணவத்தால் மறைப்புண்டு, வினைக்கீடாக உடல்பெற்று, இறைவன் திருவருளை நோக்கி வரும் உயிர் என்ற வகையிற் கிருமியும் மீனும் நாமும் ஒரு நிரையே. கருவி குறைந்த உயிர்க்கு நோவு குறைவாதல் கூடும். அதனால் தீங்கும் குறையும் என்னலாம். தீங்கே இல்லையென்பது பொருந்தாது.

வேறு சிலர், சித்தியார் இறைவனது ஒறுத்தலையும் அருளென்று கூறுதலை எடுத்துக்காட்டி, “கிருமியை அழித்தலும் மறக்கருணையே” என்று வாதிப்பர். இவ்வாதம் எமக்குச் சிறிதும் உடன்பாடன்று. உயிரின் பக்குவம் அறிந்து ஒறுப்பவன் இறைவன் ஒருவனே. மருந்துப் புட்டியின் மேலெழுதிய எச்சரிக்கையைக்கூடப் படியாத நாம் அவ்வதிகாரத்தை ஏறட்டுக் கொள்வது நகைப்பிற்கு இடமாம்.

அற்றேல், மீனின் வினை அதுவென்று வாளா விடலாமோ எனின், விடலாகாது. வினைப்பயனை ஊட்டுதல் இறைவன் செயல். துன்புற்றதற்கு உதவுதல் நம் கடன். நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வினையென்று கைகட்டி இருப்பார் யார்? மேலும் அம்மீன் தானே வந்து தொட்டியிற் புகவில்லை. சேக்கிழார் பெருமான் திருவவதாரம் செய்த குன்றத்தூர் இந்நெறிக்கு அணித்தே உள்ளது. அவர் போற்றிய அதிபத்த நாயனார் நாகையில் மீன் பிடித்து வாழ்ந்த பரதவர். அகப்பட்ட மீன்களுள் ஒன்றை நாடோறும் இறைவனுக்கென்று கடலில் விட்டவர். ஒரு மீனே அகப்பட்டு வறுமை வருத்திய நாட்களிலும் அவ்வொன்றையும் விட்டவர். அவருக்கு மீன்பிடித்தல் குலத்தொழிலும் பிழைப்புமாம். நமக்கோ கண்ணுக்கு இனிய காட்சி ஒன்றே பயன். பயன் இத்துணைச் சிறிதாயின் பொறுப்பு அத்துணைப் பெரிது என்பதே எம் துணிபு.

ஆகவே அன்பர்க்கு யாம் கூறியது இது. கிருமியை அழித்தது பிழையன்றென்று அமைதி சொல்ல எமக்கு உரிமையில்லை. மீனைக் காத்தற்பொருட்டு நேர்ந்த தீங்கென்று அதனைத் தீங்காகவே ஏற்றுக்கொள்க. இறால்களின் சாவு அவ்வாறு நேர்ந்ததன்று; தவிர்த்திருக்கக் கூடியது. மீன்களை மட்டும் வேறொரு கலத்திற்கு மாற்றி, லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் உப்பிட்டு, நாடோறும் அடிநீரை வடித்துப் புதுநீர் பெய்து வந்திருக்கலாம். இந்நோய் இறாலைப் பற்றாது. மீனில்லாத தொட்டியில் இறால் இருக்க, நம் வெப்பநாட்டு நீரில் இரண்டு மூன்று வாரத்திற் கிருமி பற்றுக்கோடின்றி ஒழியும். “அதுவும் பட்டினியிட்டுக் கொல்லுதல் அன்றோ?” என்றார் அன்பர். ஆம், அன்றென்று யாம் சொல்லவில்லை. ஆயினும் இறால்கள் உயிரோடிருந்திருக்கும்.

தொட்டியே வேண்டாவென்று மீன்களைச் செம்பரம்பாக்கம் ஏரியில் விட்டுவிடலாமோ என்றும் வினவினார். கூடாதென்று தடுத்தோம். தொட்டி துடைக்கவென்று கடல்கடந்து கொணரப்பட்ட கவசக் கெளிறு இவ்வாறு விடப்பட்டே நம் நீர்நிலைகளிற் பெருகி, வலைஞர்க்கும் நாட்டு மீன்களுக்கும் இடராயிற்று. கொண்டவற்றை அவற்றின் நாள் உள்ளளவும் காத்து, மேலும் வாங்காதிருப்பதாக அவர் உரைத்துச் சென்றார். மீன்களுக்கென்று தனிக்கலம் ஒன்றும் இப்பொழுது அவர் அறையில் இருக்கின்றது.