தானத்தின் நிறைவு

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை வாயிலை அடுத்து, பத்மநாப சுவாமி ஆலயத்திற்குச் செல்லும் வழியில், பழவங்காடி மகாகணபதி எழுந்தருளியிருக்கிறார். திருவிதாங்கூர்ப் படைவீரர்கள் பத்மநாபபுரத்தில் இருந்த காலத்தில் வழிபட்டு வந்த மூர்த்தி இவர் என்றும், படை தலைநகருக்கு இடம்பெயர்ந்தபோது அவரும் உடன் எழுந்தருளினார் என்றும் மரபு கூறுகிறது. இன்றும் இந்த ஆலயத்தைப் பராமரித்து வருவது இந்திய இராணுவமே. இங்கு அன்பர்கள் செலுத்தும் முக்கியக் காணிக்கை தேங்காய் உடைத்தல். கடை திறப்பவர், தேர்வு எழுதப் போகும் மாணவர், புது வேலையில் சேரும் இளைஞர் என எதைத் தொடங்குபவரும் முதலில் இங்கு வந்து ஒரு தேங்காயைச் சிதற அடித்துவிட்டே செல்கின்றனர்.

சிதறும் ஓடு அகந்தை என்றும், உள்ளே வெளிப்படும் வெண்மை தூய உள்ளம் என்றும் பெரியோர் விளக்குவர். இதில் மற்றொரு கருத்தும் அடங்கியிருக்கிறது. கணபதிக்கு விக்னேசுவரர் என்று பெயர். அவர் தடைகளுக்கு அதிபதி. தடையை நீக்குமாறு அவரிடம் வேண்டுபவன், தன் பாதையில் உள்ள தடை எது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும் அல்லவா? அறியாத தடையை எப்படி விலக்கக் கேட்பது? நற்பணி எதுவாயினும் அதன் திட்டமிடல் என்பது இதுவே: தடைகளை ஒவ்வொன்றாக எண்ணி இறைவன் முன் வைப்பது.

சில அடி தூரம்

பழவங்காடிக்கு எதிரே தொடங்குகிறது சாலை கடைவீதி. திவான் ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய வணிகத் தெரு அது. மூட்டை சுமப்பவர், பூத் தொடுப்பவர், தட்டார், தையற்காரர், பாத்திர வணிகர் என எத்தனையோ தொழில்கள் அங்கு நடைபெறுகின்றன. அதே வட்டாரத்தில் அரசின் உதவித்தொகையையும் இலவச அரிசியையும் நம்பி நாளைக் கழிப்பவர்களும் வாழ்கின்றனர். வேலை இருக்கும் இடத்திற்கும் வேலையற்றவர் நிற்கும் இடத்திற்கும் இடையே சில அடி தூரமே உள்ளது. அந்தத் தூரத்தைக் கடக்க இயலாமல் ஒரு வாழ்நாளே கழிந்துவிடுகிறது.

இத்தகையோருக்குத் தொழிற்பயிற்சி அளிக்க வேண்டும் என்று ஓர் ஊரின் அன்பர்கள் கூடி முடிவு செய்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அடுத்து நிகழ்வது என்ன? மண்டபம் ஒன்று பார்க்கப்படுகிறது. தையல் இயந்திரங்கள் நன்கொடையாகப் பெறப்படுகின்றன. குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது. மூன்று மாதங்களுக்குப் பின் சான்றிதழும் வழங்கப்படுகிறது. அதன் பிறகு அந்தச் சகோதரி என்ன ஆனாள் என்று கேட்பாரில்லை. அதே ஊரில் ஏற்கெனவே இருபது தையற்கடைகள் இருக்கின்றன என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கொடுத்தவர் மனம் நிறைந்தது. பெற்றவள் நிலை மாறவில்லை.

தானம் இடமும் காலமும் பாத்திரமும் அறிந்து, கைம்மாறு கருதாமல் செய்யப்படும்போதே சாத்துவிகமாகிறது என்பது கீதையின் பதினேழாம் அத்தியாயம் காட்டும் நெறி. கொடுப்பவனுக்குச் சிரத்தை மட்டும் போதாது, நாணமும் வேண்டும் என்று தைத்திரீய உபநிஷதம் விதிக்கிறது. பெறுபவனைத் தாழ்ந்தவனாகக் கருதாத மனமே அந்த நாணம். பெறுபவனிடம், 'உனக்கு எது தேவை?' என்று கேட்கும் பணிவும் அதில் அடங்கும்.

ஆபுத்திரன் காட்டும் பாடம்

சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரனின் வரலாறு வருகிறது. மதுரையில் பிச்சையேற்று, குருடர், முடவர், ஆதரவற்றோர் ஆகியோரை ஊட்டிய பின் எஞ்சியதைத் தான் உண்டு வாழ்ந்தவன் அவன். அவனுடைய கருணையைக் கண்டு சிந்தாதேவி அளித்ததே அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. பின்னர் இந்திரன் பாண்டிய நாட்டில் மழையைப் பொழிவித்தான். வயல்கள் விளைந்தன, பசித்தவர் எவருமில்லை. நிறைந்த பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, 'உண்பார் உளரோ' என்று ஊர் ஊராகத் தேடி அலைந்தான் ஆபுத்திரன். சாவக நாடு பஞ்சத்தால் வாடுவதைக் கேள்வியுற்றுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டான். பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்தான்.

ஆபுத்திரனின் துயரம் அன்பிலிருந்து பிறந்தது; அது வணங்கத்தக்கது. ஆனால் அவனுடைய அன்பில்லாதவர்க்கும் அவனுடைய துயரம் வருவதுண்டு. தன்னிடம் வந்து நிற்பவர் குறைந்தால் வருந்தும் மனம் அது. ஆண்டுதோறும் அதே முகங்கள் வரிசையில் நிற்பதைக் கண்டு, 'நமது சேவை வளர்கிறது' என்று மகிழும் மனம் அது. தொண்டனின் அகந்தை மிக நுண்ணியது. காவி உடுத்தியும் வரும், கணக்குப் புத்தகத்திலும் ஒளிந்திருக்கும். பழவங்காடியில் சிதற வேண்டிய தேங்காய்களுள் இதுவும் ஒன்று.

மழை பெய்து பசி நீங்கியது ஆபுத்திரனுக்குத் தோல்வியன்று. அதுவே தானத்தின் நிறைவு. அன்னதானம் இன்றைய பசியைத் தீர்க்கும் அமுதசுரபி என்றால், தொழில் கற்பித்தல் பசியையே தடுக்கும் மழை. மத்திய காலத்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். ஒருவன் மீண்டும் பிறரிடம் கேட்க வேண்டாதபடி அவனுக்குக் கடனோ, கூட்டோ, வேலையோ தந்து நிலைநிறுத்துவதையே அவர் உச்சப் படியாக வைத்தார். நாடும் சமயமும் வேறாயினும் அறம் ஒன்றையே பேசுகிறது.

ஆலயம் தொட்ட தொழில்

கேரள மண்ணுக்கு இக்கருத்து புதியதன்று. திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் அவதரித்த ஸ்ரீ நாராயண குருதேவர், 1928இல் சிவகிரி யாத்திரைக்கு அனுமதி அளித்தபோது அதற்கு எட்டு நோக்கங்களை வகுத்துத் தந்தார். கல்வி, தூய்மை, இறைபக்தி, அமைப்பு ஆகியவற்றோடு வேளாண்மை, வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி ஆகியனவும் அதில் இடம்பெற்றன. புனித யாத்திரையின் பயன்களுள் தொழிற்பயிற்சியையும் ஒன்றாக வைத்தார் அந்த ஞானி. உழைப்பால் நிமிரும் முதுகும் இறைவன் முன் வணங்கும் தலையும் ஒரே உடலுக்கு உரியவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

அண்டை மாநிலமான கர்நாடகத்திலும் ஓர் உதாரணம் உண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோருக்கு அன்னமிடும் தலம் தர்மஸ்தலம். அத்தலத்தைச் சார்ந்த கல்வி அறக்கட்டளை, சிண்டிகேட் வங்கி, கனரா வங்கி ஆகியவற்றுடன் சேர்ந்து 1982இல் உஜிரேயில் ஒரு சுயதொழில் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. கட்டணமில்லாத குறுகிய காலப் பயிற்சி, தங்குமிடமும் உணவும், பயிற்சிக்குப் பின் வங்கிக் கடனுக்கு வழிகாட்டல், தொடர்ந்து நேரில் சென்று கவனித்தல் ஆகியன அதன் முறை. பின்னர் மத்திய அரசு இம்முறையையே முன்மாதிரியாகக் கொண்டு மாவட்டந்தோறும் ஊரக சுயதொழில் பயிற்சி நிலையங்களை அமைக்கச் செய்தது. சான்றிதழ் தந்த நாளோடு பொறுப்பு முடியவில்லை, அன்றுதான் அது தொடங்குகிறது என்பதே இந்த முன்மாதிரியின் உயிர்நாடி.

தடைகளை எண்ணுதல்

கேரள அரசின் குடும்பஸ்ரீ இயக்கத்தை 1998 மே 17 அன்று மலப்புறத்தில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்தார். பத்து முதல் இருபது பெண்கள் கூடும் அயல்கூட்டம் அதன் வேர். வார்டு அளவிலும் உள்ளாட்சி அளவிலும் அதன் கிளைகள் அமைந்தன. வறுமையை வருமானத்தால் மட்டும் அளக்காமல், வீட்டின் நிலை, குடிநீர், கழிப்பறை, எழுத்தறிவு, வீட்டில் உழைப்பவர் எத்தனை பேர் என்பன போன்ற குறிகளால் அறிய முற்பட்டது அதன் சிறப்பு. யார் ஏழை என்பதை அந்த அயலாரே அறிவர். எந்தத் தொழில் அவளுக்குப் பொருந்தும் என்பதையும் அவர்களே அறிவர்.

அவ்வியக்கத்தின் அனுபவத்தில் ஒரு நிகழ்ச்சி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. 2017இல் கொச்சி மெட்ரோ ரயில் தொடங்கியபோது குடும்பஸ்ரீ வழியாகப் பெண்களும் திருநங்கையரும் பணியமர்த்தப்பட்டனர். நாடே பாராட்டியது. ஆயினும் சில வாரங்களுக்குள்ளேயே திருநங்கையருள் சிலர் வேலையை விட்டு விலகினர். பயிற்சி இருந்தது, வேலை இருந்தது, ஊதியமும் இருந்தது. அவர்களுக்கு வாடகைக்கு அறை தருவார் இல்லை. தங்கும் விடுதிக்குத் தந்தால் ஊதியம் மிஞ்சவில்லை. தடை அவர்களுடைய கையிலோ அறிவிலோ இருக்கவில்லை. ஊராரின் கதவில் இருந்தது.

ஆகவே பயிற்சியைத் திட்டமிடும் அன்பர்கள் முதலில் செய்ய வேண்டியது கேட்பது. குழந்தையை யாரிடம் விட்டு வருவாள்? பயிற்சி நாளில் இழக்கும் கூலிக்கு என்ன செய்வாள்? பேருந்துக் கட்டணம் யார் தருவார்? கணவன் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய நாள் எது? முதல் மாத ஊதியம் பதிவேட்டில் ஏறியவுடன் கிடைத்து வந்த உதவி நின்றுபோகுமோ என்ற அச்சம் அவளுக்கு உண்டா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை காணாத பயிற்சி வகுப்பு, பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் வகுப்பாகவே முடியும். அங்கன்வாடி திறந்திருக்கும் நேரத்திற்கு ஏற்ப வகுப்பு நேரத்தை அமைத்தல், நாட்படியும் பயணச் செலவும் அளித்தல், வருமானம் நிலைபெறும்வரை உதவி நிற்காமலிருக்க அதிகாரிகளிடம் எடுத்துரைத்தல் ஆகியவை சிறு காரியங்களாகத் தோன்றலாம். விக்னேசுவரர் இருப்பது இச்சிறு காரியங்களில்தான்.

அடுத்து கடைவீதியையும் கேட்க வேண்டும். எந்த வேலைக்கு ஆள் தேவை? முதியோர் பெருகி வரும் கேரளத்தில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனித்து வாழும் பெற்றோர் ஏராளம். அவர்களைப் பேணும் பணிக்குக் குடும்பஸ்ரீ பெண்களுக்குப் பயிற்சி அளித்தது. இங்குப் பயிற்சி பெறுபவளுக்கு வாழ்வும், பணிவிடை பெறும் முதியவருக்கு ஆறுதலும் ஒருங்கே கிடைக்கின்றன. மாறாக, மானியத்தையே தூணாகக் கொண்ட தொழில் தளர்வதும் உண்டு. 2020இல் இருபது ரூபாய்க்கு உணவளித்த ஜனகீய உணவகங்கள், 2023இல் அரசின் மானியம் நின்றபோது விலையை உயர்த்த நேர்ந்தது. பல உணவகங்கள் இடர்ப்பட்டன. தொழில் தன் காலில் நிற்க எத்தனை காலம் ஆகும் என்பதையும் முதல் நாளிலேயே கணக்கிட வேண்டும்.

பாத்திரம் செல்ல வேண்டிய இடம்

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். 'உழைத்து உண்' என்று உபதேசிப்பது எளிது. உழைக்க இயலாதவரிடம் அதைக் கூறுவது கொடுமை. கேரள அரசு 2021இல் தொடங்கிய அதிதீவிர வறுமை ஒழிப்புத் திட்டத்தில் 64,006 குடும்பங்கள் அடையாளம் காணப்பட்டன. உணவு, உடல்நலம், வீடு, வருமானம் என்ற நான்கையும் கருதி ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனித்தனித் திட்டம் வகுக்கப்பட்டது. 2025 நவம்பர் 1 அன்று மாநிலம் அதிதீவிர வறுமையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. கணக்கெடுத்த முறை குறித்து அறிஞர் சிலர் கேள்வி எழுப்பியதும் உண்டு. ஆயினும் அத்திட்டம் உணர்த்திய உண்மை ஒன்று நிலைக்கும். அக்குடும்பங்களுள் பல தனியாள் குடும்பங்கள். நோயுற்றோர், முதியோர், துணையற்றோர் பலர். ஒருவருக்குத் தேவை தொழில். மற்றொருவருக்குத் தேவை மருந்து. வேறொருவருக்கு வேளைதோறும் உணவைக் கொண்டுவந்து கொடுக்கும் ஒரு கை.

உழைக்கக்கூடியவன் தன் காலில் நின்றால், அவனுக்காக ஏந்திய பாத்திரம் ஓய்ந்துவிடுவதில்லை. அது சாவகத்திற்குச் செல்கிறது. உழைக்க இயலாதவர் இருக்கும் இடமெல்லாம் சாவகமே. அவர்கள் பெறும் உதவித்தொகை பிச்சையன்று, சமுதாயம் அவர்களுக்குச் செலுத்தும் கடமை. இதை மறந்த பயிற்சித் திட்டம் தர்மமாகாது.

கும்ப மாதத்தில் ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்கல் இடும் நாளில், கிழக்கேகோட்டை, பழவங்காடித் தெருக்களெல்லாம் செங்கல் அடுப்புகளால் நிறைந்துவிடுகின்றன. இலட்சக்கணக்கான பெண்கள் பொங்கலிட்டுச் சென்ற பின், அக்கற்களை மாநகராட்சி சேகரித்து ஏழைகளின் வீடுகளுக்குப் பயன்படுத்தி வருகிறது. காலையில் தேவியின் நைவேத்தியத்தைத் தாங்கிய கல், பின்பு ஒரு குடும்பத்தின் சுவரைத் தாங்குகிறது. வழிபாடு வாழ்வாகும் விதம் இதுவே.

1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் திருவனந்தபுரத்தில் பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தில் தங்கியிருந்து, பின் கன்னியாகுமரிக்குச் சென்றார். அங்கு அவர் உள்ளத்தில் எழுந்த சிந்தனையின் மையம் பாரதத்தின் ஏழை மக்கள். அவர்களுக்குத் தர வேண்டியது இழந்த தன்னம்பிக்கையே என அவர் கண்டார். பயிற்சித் திட்டம் வகுக்கும் ஒவ்வொரு குழுவும் அந்தச் சிந்தனையின் சிறு தொடர்ச்சியே.

எனவே அடுத்த முறை பழவங்காடிக் கணபதியின் முன் தேங்காய் உடைக்கும் அன்பர், தமக்காக மட்டும் தடைநீக்கம் வேண்டாமல் இருப்பாராக. தம் தெருவில் உள்ள ஒரு சகோதரியின் தடைகளை அவளிடமே கேட்டறிந்து வந்து, அவற்றையும் சேர்த்து விண்ணப்பிப்பாராக. அவற்றுள் தம் கதவே ஒரு தடையாக இருப்பின், அதை முதலில் திறப்பாராக. என்றேனும் ஒரு நாள் அவள் கையேந்தாமல், தன் முதல் ஊதியத்தில் வாங்கிய தேங்காயோடு அதே சன்னிதியில் வந்து நிற்பாள். அன்று அருகில் நிற்பவரை அவள் அறிய வேண்டியதில்லை. நன்றி சொல்ல வேண்டியதுமில்லை. அவள் உடைக்கும் தேங்காயின் ஓசையே தானத்தின் நிறைவு.