பெயருக்கு உரியவர்

கிருஷ்ணகிரியில் மிகுதியாக விளையும் மாம்பழங்களில் ஒன்றுக்குப் பெங்களூரா என்று பெயர். தோத்தாபுரியும் கிளிமூக்கும் இதுவேதான். மற்ற நல்ல ரகங்கள் சந்தையில் சேலம் மாம்பழமாகிவிடுகின்றன. பழைய சேலம் ஜில்லாவிலிருந்து 1965-ல் தர்மபுரியோடு பிரிந்து, 2004-ல் தனி மாவட்டமாகியும் பழத்தின் விலாசம் மாறவில்லை. பாங்கில் கடன் எழுதுகிற குமாஸ்தா நான். என் லெட்ஜரில் தோப்புக்கு சர்வே எண் உண்டு, உட்பிரிவு உண்டு. அதிலிருந்து இறங்கிய பழம் கூழாகிப் பீப்பாயில் ஏறும்போது அதற்கு ஊரே கிடையாது.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. எங்கள் மாவட்டத்தைவிட ஐந்து மாதம் மூத்தது. பொருளின் தரமோ, புகழோ, வேறு இயல்போ அது பிறந்த நிலத்தால் ஆனதா என்று அது கேட்கிறது. 'புகழ்' என்ற சொல்லில் நான் தடுக்கி நிற்கிறேன். தரத்தை மண் தரலாம். புகழைச் சந்தைதான் தருகிறது, சில சமயம் சாம்ராஜ்யம். இந்தியாவில் முதலில் பதிவான டார்ஜிலிங் தேயிலையையே எடுத்துக்கொள்ளலாம். சீனத்துச் செடியை வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டு, நேபாளத்திலிருந்து வந்தவர்களைக் கொண்டு பறித்து உண்டாக்கிய பெயர் அது. இன்று தேயிலை வாரியத்தின் வசம் இருக்கிறது. பொய்ச்சீட்டு ஒட்டி விற்கிறவனைவிட வாரியம் மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கொழுந்து பறிக்கிறவளுக்கு இன்றும் தினக்கூலிதான்.

1995-ல் வந்த உலக வர்த்தக ஒப்பந்தம் ஒயினுக்கும் சாராயத்துக்கும் தனி மரியாதை செய்திருக்கிறது. வாங்குகிறவன் ஏமாந்தானா என்று கேளாமலே அவற்றின் பெயர் காக்கப்படும். அதை நம் பொருள்களுக்கும் விரிக்கச் சொல்லி, 2001 தோஹா மாநாட்டுக்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இது பெயர் பெற்றவர்களுக்குள் நடக்கும் வழக்கு. பெயரே பெறாதவர்கள் என்ன செய்வது? ஓசூரில் ஏறக்குறைய நாற்பது வருஷமாகக் கைக்கடிகாரம் செய்கிறார்கள். 'ஸ்விஸ்' என்று பொறித்துக்கொள்ள, தயாரிப்புச் செலவில் 60 சதவீதமாவது அந்த நாட்டில் ஆகியிருக்க வேண்டும் என்பது 2017 முதல் அங்கே விதி. ஓசூர் என்று பொறித்துக்கொள்ள விதி எதற்கு, யாரும் ஆசைப்படவில்லையே.

2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக் கூடாதென்று தடை போட்டது. விலை சரிந்த நேரம். கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தருவதாக ஏற்பாடு. வெளிப்பழம் புகுந்தால் அது குலைந்துவிடும். கர்நாடக முதல்வர் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். தன் விவசாயியைக் காப்பாற்றியது தவறென்று எந்த வாயால் சொல்வது? இது புவிசார் சட்டத்தைச் சேர்ந்த விஷயமல்ல. இருந்தாலும் பழத்துக்குப் பூர்வீகம் கேட்கிற புத்தி இரண்டிலும் ஒன்றுதான். காக்கப்படுகிறவன் ஒருவன் இருந்தால் சோதனைச்சாவடியில் லாரியோடு நிற்கிறவன் ஒருவனும் இருப்பான். அவனும் விவசாயிதான்.

அந்தப் பருவத்தில் எங்கள் கவுண்டருக்கு ஒரு பெரியவர் வந்தார். சொந்த நிலமில்லை, மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். "நம்ம பழத்துக்கும் அந்த சீலு வாங்க முடியுமா சார், பாங்க்ல சொல்லி?" என்றார். அது பாங்க் தருவதல்ல, சங்கமாகச் சேர்ந்து சென்னையில் மனுப் போட வேண்டும், விளைவிக்கிறவர்கள் அதில் பதிந்துகொள்ளலாம் என்று விளக்கினேன். விளைவிக்கிறவர் என்றால் யார் யார் என்று கேட்டார். சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன்: பயிரிடுகிறவர், பதப்படுத்துகிறவர், பொட்டலம் கட்டுகிறவர், வியாபாரம் செய்கிறவர்.

"அப்ப மண்டிக்காரரும் விளைவிக்கிறவர்தானா?"

சட்டப்படி ஆமாம் என்றேன். பாஸ்புக்கை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனார்.