நாலு பேர் சுமந்தார்கள்



மாற்கு 2-ம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். கப்பர்நகூமில் ஒரு வீடு. வாசல் வரைக்கும் ஜனக்கூட்டம். திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நுழைய வழியில்லை. மேலே ஏறி, கூரையைப் பிரித்து, படுக்கையோடே இறக்கிவிடுகிறார்கள். (கூரை யாருடையதோ! வீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததாக எழுதப்படவில்லை.) ஐந்தாம் வசனத்தைக் கவனியுங்கள். ஆண்டவர் கண்டது படுத்துக் கிடந்தவன் ஒருவனுடைய விசுவாசத்தை மட்டுமா? பன்மையில் அல்லவா எழுதியிருக்கிறது! தூக்கிக்கொண்டு வந்தவர்களையும் சேர்த்தல்லவா பார்த்தார்! பதினைந்து வருஷமாக இதைப் பிரசங்கம் பண்ணியும் எனக்கு அது விளங்கவில்லை. ஒரு சகோதரி பட்ட பாட்டில்தான் விளங்கிற்று.

நம் சபைப் பிள்ளைதான். பேர் வேண்டாம். அவள் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். 2018 பங்குனியில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போய்வந்தவளுக்கு இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தாற்போலச் சிவந்து தடித்தது. பெரியவர்கள் அக்கி என்றார்கள். குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி எழுதினார்கள். அடங்கவில்லை. காலையில் எழுந்தால் கைவிரல் மடங்காது. சாயங்காலம் காய்ச்சல். முக்காட்டுக்குள்ளே தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டினது ஒருத்தருக்கும் தெரியாது. மாமியார் வீட்டில் செய்வினை என்றார்கள். நம்ம ஆட்கள் மட்டும் குறைச்சலா? "மறைவான பாவம் எதுவும் இருக்கா, அறிக்கை பண்ணிட்டியா?" என்று கேட்டவர்கள் நம் சபையில்தான் இருந்தார்கள். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்களும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அவனும் இல்லை, அவனைப் பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவர் சொல்லிவிட்டார் (யோவான் 9). குஷ்டமோ என்று பயந்து, திருவிருந்து ஆராதனையில் அவள் பக்கத்திலிருந்து எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தவர்களையும் நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

2019-ல் மதுரை பெரியாஸ்பத்திரியில் இரத்தமும் சிறுநீரும் சோதித்து, லூப்பஸ் என்று சொன்னார்கள். எஸ்.எல்.இ. என்றும் எழுதுவார்கள். வெளியிலிருந்து வரும் கிருமியோடு போராட தேவன் நம் சரீரத்தில் வைத்த காவல், ஆள் தெரியாமல் சொந்தச் சரீரத்தையே தாக்குகிறது. காவலுக்குக் கட்டின நாய் வீட்டுக்காரனையே கடித்தால் எப்படி, அப்படி. மூட்டு, தோல், சிறுநீரகம், இருதயம், மூளை, எதையும் விடாது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதுள்ளவர்கள். தொட்டால் ஒட்டாது, ஒரே பாத்திரத்தில் குடித்தாலும் ஒட்டாது. அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்க மருந்து உண்டு.

இப்போது என் பாவத்தைச் சொல்லுகிறேன். அந்த வருஷம் உபவாசக் கூட்டத்தில் அவளுக்காக ஊக்கமாய் ஜெபித்தோம். மறுவாரம் வலி குறைந்ததென்று சாட்சி சொன்னாள். "இனி மாத்திரை எதுக்கு மகளே, விசுவாசத்தில் நில்லு" என்று சொன்னது இந்த வாய்தான். சபையே அல்லேலூயா போட்டது. இந்த வியாதி தானாகவே சில மாதம் அடங்கும், பிறகு சீறும் என்பது எனக்குத் தெரியாது. அவள் சாப்பிட்டதில் ஸ்டீராய்டு மாத்திரையும் ஒன்று. அதைச் சாப்பிடச் சாப்பிட, சரீரம் தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே மோசம். டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மூன்று வாரத்தில் அவளுக்குக் கால் வீங்கியது. சிறுநீர் நுரை நுரையாய்ப் போனது. சிறுநீரகத்தில் புரதம் ஒழுகுகிறது என்று சொல்லிப் படுக்க வைத்துவிட்டார்கள். வராண்டாவில் அவள் தாயார் என்னைப் பார்த்து, "அய்யா, நீங்க சொன்னீகன்னுதான நிறுத்துனா?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

லூப்பஸ் என்றால் லத்தீன் பாஷையில் ஓநாய். முகத்துப் புண் ஓநாய் கடித்தாற்போல் இருக்கிறதென்று பழைய வைத்தியர்கள் வைத்த பேர். யோவான் 10-ல் ஓநாய் வருகிறதைக் கண்டு ஓடுகிற கூலியாளை நினைத்துக்கொண்டேன். அவனாவது ஓடினான். நான் தொழுவத்துக் கதவையே திறந்துவிட்டவன். அடுத்த ஞாயிறு சபை நடுவில் அவள் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பிழைத்தது கர்த்தருடைய சுத்த கிருபை. டாக்டர்மார் கைக்கும் நன்றி.

2020 மார்ச் மாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 22-ம் தேதி, கொரோனா வராமல் தடுக்க மருத்துவப் பணியாளர்கள் ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை சாப்பிடலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்னது. மலேரியா மாத்திரைதான் அது. ஆனால் லூப்பஸ்காரர்களுக்குத் தினப்படி ஆகாரம் போல. உடனே ஊரெல்லாம் வாங்கிப் பதுக்கினார்கள். 25-ம் தேதி ஏற்றுமதியைத் தடுத்தார்கள். அடுத்த நாள், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று உத்தரவு போட்டார்கள். நாட்டில் எத்தனையோ லூப்பஸ் நோயாளிகள் கடை கடையாய் அலைந்தார்கள். நம் சகோதரியிடம் இருந்தது ஆறு மாத்திரை. பஸ் கிடையாது. வாலிபத் தம்பி ஒருவன் மருந்துச் சீட்டைப் போனில் படமெடுத்து, தெரிந்த கடைக்காரருக்கெல்லாம் அனுப்பினான். இன்னொரு சகோதரர் நாள் முழுக்கப் போனிலேயே இருந்தார். அருப்புக்கோட்டையில் இருப்பு இருந்தது. காய்கறி வண்டி ஓட்டுகிற சகோதரர் பாஸ் வைத்திருந்தார், வாங்கி வந்துவிட்டார். காசில் பாதியைக் கொடுத்தது, திருவிருந்தில் எழுந்து இடம் மாறி உட்கார்ந்த அதே அம்மாதான்! கூரையைப் பிரித்தவர்கள் இவர்கள்.

ஜெபத்தை விட்டுவிடச் சொல்லுகிறேன் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். இன்றைக்கும் அவளுக்குச் சுகம் கேட்டு ஜெபிக்கிறோம், எண்ணெய் பூசுகிறோம். சுகமானாய் என்று சொல்ல வேண்டியது ஆண்டவர். மாத்திரையைக் குறைக்க வேண்டியது டாக்டர். நமக்கு வைத்திருப்பது கட்டிலின் ஒரு கால்.

வெயில் இந்த வியாதிக்கு நெருப்பு. நம்ம கரிசல் காட்டு வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஆகையால் அவளைப் பழம் பறிக்கவோ வத்தல் காயப்போடவோ கூப்பிடாதீர்கள். தெருக்கூட்டத்தைப் பொழுது சாய்ந்த பிறகே வைப்போம். குடை பிடித்து வந்தால் பெருமை என்று பேசாதீர்கள். உபவாசம் இருக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போடுகிற மாத்திரை அது. மாத்திரையால் முகம் உப்பியிருப்பதைப் பார்த்து, "நல்லா தேறிட்டியே" என்று சொல்லவும் வேண்டாம். வீட்டுக்கு வந்து அழுகிறாள். பிள்ளை உண்டாகவில்லையே என்று மாமியார்மார் குத்த வேண்டாம். வியாதி ஆறு மாதமாவது அடங்கியிருக்கும்போது, டாக்டர் யோசனைப்படி பெற்றுக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்கு வெயிலில் போனால் கன்னமும் மூக்கும் சிவக்கிறதா? மூட்டு வீக்கம், வாய்ப்புண், விடாத காய்ச்சல், நுரைத்த சிறுநீர் இருக்கிறதா? காவி எழுதிக் காலம் கடத்தாதீர்கள். தூத்துக்குடி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலோ மதுரை பெரியாஸ்பத்திரியிலோ காட்டுங்கள். 2004 முதல் மே 10-ம் தேதியை உலக லூப்பஸ் நாளாக வைத்திருக்கிறார்கள். அதையொட்டி வரும் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் இந்த வியாதியுள்ளவர்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குவோம்.

சகோதரி மறுபடியும் மதுரைக்குப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கிறது. முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க முடியும். அவளால் நெடுநேரம் நிற்க முடியாது. கூடப் போய் வரிசையில் நிற்க ஒரு சகோதரி பேர் கொடுத்துவிட்டார்கள். இன்னும் ஒருவர் வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மாவிடம் சொல்லுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்.