அறிவொடுங்கினார் பொருளும் அதனைக் காப்பார் கடனும்

மறதிநோயாலேனும் மூளையிற் பட்ட ஊற்றாலேனும் அறிவொடுங்கிய முதியோரின் பொருளை அவர்தம் மக்களும் உறவினரும் எடுத்தாளுதல் இந்நாளிற் பல இல்லங்களில் நிகழ்கின்றது. அங்ஙனம் ஆளுங்கால் அப்பொருள் யாருடையது, ஆள்வோர் யாருக்குக் கணக்குக் காட்டற்பாலர் என்னும் இரண்டும் ஈண்டு ஆராயப்படும்.

தம் பொருள் இன்னதென்று அறியாதார்க்கு உடைமை உண்டோ, நாளை நமக்கு வருவதனை இன்றே எடுத்துக்கொள்ளின் இழுக்கென்னை எனச் சிலர் வினவுவர். சித்தாந்தம் கற்றார்க்கு இதற்கு விடை கூறுதல் அரிதன்று. சிவஞானபோத நான்காஞ் சூத்திரம், அந்தக்கரணங்களுள் ஒன்று உயிராதல் இல்லையென நிறுவிற்று. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்பன மாயையின் காரியமாகிய கருவிகள். அவை தொழிற்படின் உயிர் உலகினை அறியும்; ஒடுங்கின் அறியாது கிடக்கும். இந்நிலையை நாம் அனைவரும் உறக்கத்தில் நாடோறும் எய்துகின்றோம். உறங்குவோன் பெட்டியைத் திறப்பவனைக் கள்வன் என்கின்றோமன்றி, அறியாது கிடந்தமையின் பெட்டி அவனுடையதன்று என்பாரில்லை. உறக்கம் விடியலில் நீங்கும், இந்நோய் நீங்காது என்பதே வேற்றுமை. அதனால் உரிமை மாறுமாறில்லை.

பொன்மலை இரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்ந்தார் பலர் திருச்சிராப்பள்ளியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்கின்றனர். அவர்க்கு ஓய்வூதியம் தொடர்ந்து வருதற்கு ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாட்சான்று அளித்தல் வேண்டும். அச்சான்று உயிர் உண்டோ என்று வினவுமன்றி நினைவு உண்டோ என்று வினவாது. உயிருள்ள துணையும் ஊதியம் அவருடையதே.

இனி, தம் பொருளைத் தாமே காக்கமாட்டாதார்க்குப் பிறர் காவலாதல் புதிதன்று. திருவானைக்கா, திருவரங்கம் முதலிய திருக்கோயில்களின் நிலங்கட்கு இறைவனே உரிமையுடையான். அவனைச் சட்டம் இளையோனைப் போலக் கொள்ளும். அறங்காவலர் காப்பாரேயன்றி உடையாரல்லர். இராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை நாடு காத்ததும் இளங்குழந்தையாகிய பெயரன் விசயரங்க சொக்கநாதன் பொருட்டே. ஆயினும் இவற்றிடை ஒரு வேறுபாடு உளது. இளையோன் வளர்ந்து கணக்குக் கேட்பான். கோயிற்பொருட்குத் தணிக்கையாளர் வருவர். அறிவொடுங்கிய முதியோரோ ஒருநாளும் கேளார். கேட்பாரில்லாத கணக்கே பிழையற எழுதப்படற்பாலது.

நாட்டுச் சட்டமும் இவ்விடத்துத் தெளிவான வழி தந்திலது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒருவர் மனத்தெளிவு இழந்த அளவிலே அவர் முன்னர்த் தந்த அதிகாரப் பத்திரம் வலியிழக்கும். ஆதலின் அதனைக் காட்டி வங்கியிற் பணம் எடுத்தலும், அறியாதார் விரலைப் பிடித்துக் கைந்நாட்டு வாங்குதலும் முறையாகா. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மாவட்ட நீதிமன்றத்தின் வாயிலாகச் சொத்துக்கு மேலாளரை அமர்த்த வழி வகுத்திருந்தது. அதனை நீக்கி 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவத்தின் பொருட்டுப் பிரதிநிதியை நியமிக்க இடந்தந்ததேயன்றிச் சொத்தினைப் பற்றி ஒன்றும் கூறிற்றிலது. எனவே உறவினர் உயர்நீதிமன்றத்தை நாடுவாராயினர். திருச்சிராப்பள்ளியார்க்கு அது மதுரைக் கிளையாம்.

சென்னை உயர்நீதிமன்றம் 2024 மே மாதத்தில் அளித்த தீர்ப்பொன்று நோக்கத்தக்கது. நினைவிழந்து கிடந்த ஒருவரின் மனைவி, அவர் சொத்தினை விற்று மருத்துவமும் குடும்பமும் நடத்த இசைவு வேண்டினார். தனி நீதிபதி மறுத்தார். மேன்முறையீட்டில் இருவர் அமர்வு அம்மனைவியையே காப்பாளராக்கி விற்பனைக்கு இசைந்தது. விற்ற பணத்துள் 50 இலட்சம் ரூபாய் கணவர் பெயரில் வைப்பாக இருத்தல் வேண்டும், மூன்று திங்கட்கொருமுறை வட்டி மட்டும் எடுத்தல் வேண்டும் என்பது விதித்த வரையறை. பேணுவாரும் பட்டினி கிடவாமல், உடையார்க்குரியதும் கரையாமல் அமைந்த நெறி இது.

பொருளை அழித்தல் மட்டுமன்று, பூட்டிவைத்தலும் குற்றமே. கூலி கொடுத்துச் செவிலியை அமர்த்தின் பின்னர் வரும் பங்கு குறையுமே என்று அஞ்சி, முதியோரை அழுக்கிற் கிடத்தி, மகளையோ மருமகளையோ இராப்பகல் வருத்துவார் உளர். முதியோர் பொருள் முதற்கண் அவர் உடம்பிற்கே உரியது. பேணுவார் தம் உழைப்பிற்கு அளவான செலவு கொள்ளுதலும் தவறன்று. உடன்பிறந்தார் அனைவரும் அறிய அதனை எழுதிவைத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் அவர் பெயரால் அறஞ்செய்தல் ஆகாதோவெனின், பகுத்துணர்தல் வேண்டும். தெளிவுற்றிருந்த நாளில் மலைக்கோட்டைத் திருக்கோயிலுக்கு அவர் ஆண்டுதோறும் செய்துவந்த கட்டளை, மருத்துவத்திற்குக் குறைவின்றேல், தொடரத்தக்கது. அஃது அவர் எண்ணிச் செய்தது. புதிதாகப் பெருந்தானம் செய்தல் அத்தகையதன்று. வினை மனமொழிமெய்களால் ஈட்டப்படுவதாதலின், மனங்கூடாத தானம் அவர்க்கு அறமாகாது. கொடுத்த புகழோ உறவினர்க்குச் சேரும். ஆதலின் அத்தகைய பொருள் திருமடங்களின் வாயிலுக்கு வரினும், கொடுப்பவர் அறிந்து கொடுத்தாரோ என வினவியே ஏற்றல் தகும். அறிந்திலரேல் மறுத்தலே மடத்திற்குப் பெருமை.

திருச்சிராப்பள்ளியில் எழுந்தருளிய பெருமான், காவிரி வெள்ளத்தால் தாய் வரமாட்டாத ஒரு பெண்ணுக்குத் தாயாய் வந்து பேறுகால உதவி புரிந்தான் என்பது தலவரலாறு. தாயின் இடத்தில் நின்றான். தாய் வந்த அளவில் மறைந்தான். செய்தற்குக் கைம்மாறு கொண்டிலன். பிறர் இடத்தில் நின்று பிறர் பொருளை ஆள்வார்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டா.